நிறுவுவதற்கு முன் சரிபார்த்தல்: திறமூல மென்பொருளுக்குப் புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

மூலநிரலை, அதாவது நிரலாளர்கள் எழுதிய நிரல் வரிகளை, யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடும் திறமூல மென்பொருள் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கருத்துகள் தவறாமல் மோதிக்கொள்கின்றன. மூலநிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருப்பதால் அதில் தீங்கு எதையும் ஒளித்துவைக்க முடியாது என்பது ஒன்று. திறந்து கிடப்பதாலேயே அது தாக்குபவர்களுக்கு எளிய இரையாகிறது என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மூலநிரல் திறந்திருப்பது சரிபார்க்கும் வாய்ப்பைத் தருகிறதே ஒழிய, யாரோ சரிபார்த்துவிட்டார்கள் என்ற உறுதியைத் தருவதில்லை. நிரல் எழுதத் தெரியாதவரும் அந்த வாய்ப்பைப் பயன்படுத்த முடியும். காணொளிகளை இயக்கும் வி.எல்.சி மீடியா பிளேயரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, விண்டோஸ் கணினியில் அதை எப்படிச் செய்வது என்று கீழே விளக்கியிருக்கிறேன். ஒவ்வொரு சோதனையும் எதைக் காட்டாது என்பதையும் உடன் சேர்த்திருக்கிறேன். வழிகாட்டிகள் பலவும் விட்டுவிடுகிற பகுதி அதுதான்.

படி 1: சரியான இடத்திலிருந்து பதிவிறக்குங்கள்

தேடுபொறியில் மென்பொருளின் பெயரைத் தட்டியதும் முதலில் வந்து நிற்பது விளம்பரமாக இருக்கலாம். அதைச் சொடுக்காதீர்கள். வி.எல்.சி மென்பொருளை வெளியிடுவது வீடியோலான் என்ற, பிரான்சைச் சேர்ந்த இலாப நோக்கற்ற அமைப்பு. எனவே முகவரியில் அந்தப் பெயர் இருக்க வேண்டும். ஐயம் இருந்தால் விக்கிப்பீடியாக் கட்டுரையில் உள்ள அதிகாரபூர்வ இணைப்பும் நீங்கள் திறந்திருக்கும் முகவரியும் ஒன்றா என்று பாருங்கள். மென்பொருள்களைத் திரட்டி வழங்கும் பொதுத் தளங்கள் நிறுவுகோப்புடன் வேண்டாத விளம்பர நிரல்களையும் கட்டிக்கொடுப்பது பழைய வழக்கம் என்பதால், அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

சரியான தளத்துக்கே சென்றாலும் கோப்பு அங்கிருந்துதான் வருகிறது என்று சொல்ல முடியாது. பதிவிறக்கச் சுமையைப் பகிர்ந்துகொள்வதற்காக உலகெங்கும் பலர் தங்கள் வழங்கிகளில் (சர்வர்) நகல்களை வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அருகிலுள்ள நகலே உங்கள் கணினிக்கு வந்து சேர்கிறது. அந்த நகல் வழியில் மாறவில்லை என்று உறுதிசெய்வதற்குத்தான் அடுத்த படி.

படி 2: செக்சம் ஒப்பிடுங்கள்

செக்சம் என்பது கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கணிதச் செயலுக்கு உட்படுத்திப் பெறும் நிலையான நீளமுள்ள எண். எஸ்.எச்.ஏ-256 முறையில் அது 256 பிட் நீளமுடையது. திரையில் 64 எழுத்துகளாகத் தோன்றும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் இந்த எண் அடையாளமே தெரியாத அளவுக்கு மாறிவிடும்.

கணினியில் கோப்புகளைச் சுருக்க உதவும் 7-ஜிப் என்ற மென்பொருள் இருந்தால் கட்டளை எதுவும் தட்ட வேண்டியதில்லை. பதிவிறக்கிய கோப்பின் மீது வலச்சொடுக்கி, பட்டியலில் சி.ஆர்.சி எஸ்.எச்.ஏ என்ற உட்பட்டியலைத் திறந்து, எஸ்.எச்.ஏ-256 என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிறு சாளரத்தில் எண் தோன்றும். வி.எல்.சி பதிவிறக்கப் பக்கத்தில் செக்சம் காட்டுவதற்கென ஓர் இணைப்பு இருக்கிறது. அதைச் சொடுக்கினால் வரும் எண்ணுடன் இதை ஒப்பிடுங்கள். முதல் நான்கு எழுத்துகளையும் கடைசி நான்கையும் மட்டும் பார்த்துவிட்டுச் சரியென்று முடிவுசெய்பவர்கள் உண்டு. தற்செயலான பழுதைக் கண்டறிய அது போதும், வேண்டுமென்றே செய்த மாற்றத்துக்குப் போதாது. இரண்டு எண்களையும் நோட்பேடில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிப் பார்த்தால் வேறுபாடு உடனே கண்ணில்படும். சில பழைய திட்டங்கள் எம்.டி-5 செக்சம் மட்டும் தந்திருக்கும், ஒரே எம்.டி-5 எண்ணைத் தரும் வெவ்வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்பது 2004-ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டுவிட்டதால் அதைப் பாதுகாப்புச் சோதனையாகக் கொள்ள வேண்டாம்.

எண்கள் பொருந்தாவிட்டால் பதற வேண்டியதில்லை. பதிவிறக்கம் பாதியில் அறுந்திருக்கலாம், அல்லது வேறொரு பதிப்பின் எண்ணை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம். கோப்பை நீக்கிவிட்டு மீண்டும் பதிவிறக்குங்கள். அப்போதும் பொருந்தவில்லை என்றால் நிறுவாதீர்கள், திட்டத்தினருக்குத் தெரிவியுங்கள்.

இந்தச் சோதனையின் எல்லை 2016 பிப்ரவரியில் வெளிப்பட்டது. லினக்ஸ் மின்ட் என்ற திறமூல இயங்குதளத்தின் தளத்துக்குள் ஊடுருவியவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு (இரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்த வேறொரு கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்திலுள்ள இணைப்பையே மாற்றக்கூடியவரால் அதே பக்கத்திலுள்ள செக்சம் எண்ணையும் மாற்ற முடியும். நகல் வழங்கியில் நடக்கும் குளறுபடியைச் செக்சம் காட்டிக்கொடுக்கும். மூலத் தளமே கைமாறிவிட்டால் அதனால் பயனில்லை.

படி 3: கையொப்பத்தைச் சரிபாருங்கள்

மின்கையொப்பம் இடுவதற்கு வெளியீட்டாளரிடம் மட்டும் இருக்கும் இரகசியத் திறவுகோல் தேவை. தளத்தைக் கைப்பற்றியவரிடம் அது இருக்காது என்பதே இதன் வலிமை.

எளிய வழி: நிறுவுகோப்பின் மீது வலச்சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ் சாளரத்தில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற தாவலைத் திறந்து, கையொப்பமிட்டவர் பெயர் வீடியோலான் என்று இருக்கிறதா, கையொப்பம் செல்லுபடியாகும் என்று விண்டோஸ் சொல்கிறதா என்று பாருங்கள். சிறிய திட்டங்கள் பலவற்றின் கோப்புகளில் இந்தத் தாவலே இருக்காது. இவ்வகைச் சான்றிதழுக்குப் பொதுவாகப் பணம் கட்ட வேண்டும் என்பதால், அது இல்லாததையே குற்றமாகக் கருத முடியாது.

அப்படிப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் ஜி.பி.ஜி என்ற குறியாக்க மென்பொருளால் இட்ட கையொப்பத்தைத் தனிக் கோப்பாகத் தருகின்றன. விண்டோஸுக்கான ஜி.பி.ஜி4வின் தொகுப்பை நிறுவினால் அதனுடன் க்ளியோபாட்ரா என்ற செயலி வரும். கையொப்பத்தைச் சரிபார்க்க எல்லோருக்கும் தரப்படும், திட்டத்தின் பொதுத் திறவுகோலை அதில் உள்ளிறக்குங்கள். நிறுவுகோப்பையும் கையொப்பக் கோப்பையும் ஒரே கோப்புறையில் வைத்து, கையொப்பக் கோப்பைத் திறந்து சரிபார்க்கச் சொல்லுங்கள். கையொப்பம் பொருந்துகிறது, ஆனால் இந்தத் திறவுகோல் உண்மையில் அவருடையதுதானா என்பது உறுதிசெய்யப்படவில்லை என்ற பொருளில் ஒரு செய்தி வரக்கூடும். புதியவர்கள் இதைப் பிழை என்று எண்ணிக் குழம்பிவிடுகிறார்கள். அந்தச் செய்தி சரியானதே. திறவுகோலின் உரிமையாளரை உறுதிசெய்யும் வேலை உங்களுடையது. திறவுகோலின் கைரேகை எனப்படும் 40 எழுத்து எண்ணை, திட்டத்தின் தளம் அல்லாத இன்னோர் இடத்திலும் தேடி ஒப்பிடுங்கள். மூலநிரலைச் சேமித்து வைக்கும் களஞ்சியமோ பழைய வெளியீட்டு அறிவிப்போ அதற்கு உதவும். கடைசி எட்டு எழுத்துகளை மட்டும் ஒப்பிடாதீர்கள். அந்த எட்டும் பொருந்தும் வகையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரிலேயே போலித் திறவுகோல் ஒன்று 2016-இல் பொதுவெளியில் காணப்பட்டது.

கையொப்பம் காட்டாதது என்ன என்பதற்கு 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்.இசட் விவகாரத்தைப் பார்க்கலாம். லினக்ஸ் அமைப்புகளில் பரவலாகப் பயன்படும், கோப்புகளைச் சுருக்கும் இந்த நிரலின் பராமரிப்பில், ஜியா டான் என்ற புனைபெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாகப் பங்களித்து, நம்பிக்கையைப் பெற்று, வெளியீட்டு உரிமையையும் பெற்று, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பின்கதவை நுழைத்தார். கையொப்பமிடும் உரிமை அவரிடமே இருந்ததால் கையொப்பம் முறையானதாகவே இருந்தது. பின்கதவை இயக்கும் ஒரு பகுதி பொதுக் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் சேவை ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். பல கண்கள் பார்ப்பதால் திறந்த நிரலில் தீங்கு ஒளிய முடியாது என்ற வாதத்தைத் தூக்கிப்பிடிப்பவர்களும் அதைக் கேலி செய்பவர்களும் இந்த ஒரே நிகழ்வையே சான்றாகக் காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், மூலநிரல் மூடியிருந்தால் அவருடைய ஐயம் ஐயமாகவே நின்றிருக்கும். அதேசமயம் அவருக்கு அந்த அரை நொடி உறுத்தாமல் போயிருந்தால் திறந்த நிரலாலும் உடனடிப் பயன் இருந்திருக்காது.

படி 4: உரிமத்தைப் படியுங்கள்

வி.எல்.சி நிறுவியின் தொடக்கத்திலேயே ஜி.பி.எல் என்ற திறமூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் முழு வாசகம் வந்துவிடும். எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் பயனர் மட்டுமே என்றால், எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், உத்தரவாதம் எதுவும் கிடையாது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். மென்பொருளை மாற்றிப் பிறருக்கு வழங்க எண்ணினால், மூலநிரலையும் அதே உரிமத்தின்கீழ் வழங்க வேண்டிய கடமை சேர்ந்துவிடும்.

படி 5: காப்புரிமைச் சிக்கல் உங்களைத் தொடுகிறதா என்று பாருங்கள்

பதிப்புரிமை (காப்பிரைட்) எழுதப்பட்ட நிரலைக் காக்கிறது. காப்புரிமையோ (பேட்டன்ட்) அந்த நிரல் செயல்படுத்தும் முறையையே காக்கிறது. எனவே பிறருடைய நிரலில் ஒரு வரியைக்கூடப் பார்க்காமல் சொந்தமாக எழுதியவர்மீதும் காப்புரிமை வழக்கு வரலாம். திறமூல உரிமம் என்பது எழுதியவர் தம்மிடமுள்ள உரிமையைத் தருவதுதான். மூன்றாம் நபரிடம் இருக்கும் காப்புரிமையை அவரால் தர முடியாது.

இது வெறும் சட்ட நுணுக்கம் அல்ல. மூன்றாம் படியில் பயன்படுத்திய ஜி.பி.ஜி 1999-இல் முதல் முழுப் பதிப்பாக வெளிவந்தபோது, அக்காலத்தில் மிகவும் அறியப்பட்ட ஆர்.எஸ்.ஏ குறியாக்க முறை அதில் இல்லை. அமெரிக்காவில் 1983-இல் வழங்கப்பட்ட காப்புரிமை 2000 செப்டம்பர் வரை நடப்பில் இருந்ததால், எல்கமால், டி.எஸ்.ஏ ஆகிய முறைகளைக் கொண்டே அதை உருவாக்கினார்கள். ஒலிக்கோப்புகளிலும் இதே கதை நடந்தது: எம்.பி.3 காப்புரிமைகள் காலாவதியாகும்வரை, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவுசெய்ததை அந்த வடிவில் சேமிக்க விரும்பியவர்கள் லேம் என்ற நிரலைத் தனியே தேடி நிறுவ வேண்டியிருந்தது. அந்த வடிவத்துக்கான உரிமத் திட்டத்தை ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் 2017 ஏப்ரலில் முடித்துக்கொண்டது.

இன்றும் நடப்பிலுள்ள எடுத்துக்காட்டு எச்.264 காணொளி வடிவம். ஓப்பன்எச்264 என்ற பெயரில் சிஸ்கோ நிறுவனம் அதற்கான நிரலை பி.எஸ்.டி என்ற திறமூல உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது; காப்புரிமைக் கட்டணத்தையும் அதுவே செலுத்துகிறது. ஆனால் அந்தக் கட்டணம் சிஸ்கோ தொகுத்து வழங்கும் இருமக் கோப்புக்கு (கணினி நேரடியாக இயக்கும் வடிவம்) மட்டுமே பொருந்தும். அதே மூலநிரலை, ஓர் எழுத்தும் மாற்றாமல், நீங்களே தொகுத்து வழங்கினால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி இந்தச் செருகுநிரலைத் தன்னுடன் சேர்த்துத் தராமல், சிஸ்கோவின் வழங்கியிலிருந்து தனியே இறக்கிக்கொள்வதன் காரணம் இதுதான். மாற்றவும் வழங்கவும் உரிமை தருவதே திறமூலம் என்னும்போது, மாற்றாத ஒரே ஒரு நகலுக்கு மட்டும் சட்டப் பாதுகாப்பு என்ற நிலை அதன் அடிப்படையையே பாதிக்கிறது என்பது என் கருத்து. வீடியோலான் அமைப்போ, பிரெஞ்சுச் சட்டமும் ஐரோப்பிய ஒப்பந்தங்களும் மென்பொருளைக் காப்புரிமைக்கு உரியதாக ஏற்பதில்லை என்ற நிலைப்பாட்டில் நின்று இத்தகைய வடிவங்களை வி.எல்.சியில் நேரடியாகச் சேர்த்துத் தருகிறது.

படம் பார்ப்பதற்கு மட்டும் வி.எல்.சி நிறுவுபவர் இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம். ஒரு நூலகத்தை, அதாவது பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பை, தம் செயலியில் இணைத்து வெளியிட எண்ணுபவர், உரிமக் கோப்பில் காப்புரிமை பற்றிய பிரிவு உண்டா என்று பார்க்க வேண்டும். எம்.ஐ.டி உரிமம் காப்புரிமையைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுவதில்லை. அப்பாச்சி 2.0 உரிமத்தின் மூன்றாம் பிரிவு, பங்களித்தவர்கள் தம் காப்புரிமைகளைப் பயன்படுத்த அனுமதி தருகிறது. அந்த மென்பொருள் தம் காப்புரிமையை மீறுகிறது என்று வழக்குத் தொடுப்பவருக்கு அந்த அனுமதி பறிபோகும். ஜி.பி.எல் மூன்றாம் பதிப்பிலும் வெளிப்படையான காப்புரிமைப் பிரிவு உண்டு. இணையப் பக்கங்களை உருவாக்க உதவும் ரியாக்ட் நூலகத்துடன் ஃபேஸ்புக் இணைத்திருந்த தனிப்பட்ட காப்புரிமை வாசகத்துக்கு எதிர்ப்பு வலுத்ததால், 2017 செப்டம்பரில் அந்நிறுவனம் எம்.ஐ.டி உரிமத்துக்கு மாறியது.

படி 6: புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள்

இணையத் தொடர்புகளைக் குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் 2012 மார்ச்சில் வெளியான ஹார்ட்பிளீட் பிழை 2014 ஏப்ரலில்தான் அறிவிக்கப்பட்டது. திருத்தப்பட்ட பதிப்பும் அப்போதே வந்துவிட்டது. பிழை பொதுவில் அறிவிக்கப்பட்ட பிறகு அதைத் தேடிவரும் தாக்குதல்களும் பெருகும் என்பதால், திருத்தம் வந்த நாளுக்கும் நீங்கள் நிறுவும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே மிகுந்த ஆபத்துக்குரியது. மென்பொருளுக்குள் புதுப்பிப்பைச் சோதிக்கும் வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள். அந்த வசதி இல்லாத சிறு மென்பொருள்களுக்குத் திட்டத்தின் வெளியீட்டு அறிவிப்புகளுக்குப் பதிவுசெய்துகொள்ளுங்கள். நெடுநாள் புதிய பதிப்பே வராத மென்பொருள் என்றால் மாற்று ஒன்றைத் தேடத் தொடங்கலாம்.

புதுப்பிப்புகளைக் கைமுறையாக நிறுவும்போதெல்லாம் இரண்டாம், மூன்றாம் படிகளை மீண்டும் செய்ய வேண்டும். நீங்கள் ஏற்கெனவே உறுதிசெய்த திறவுகோலின் கைரேகையை ஓர் உரைக்கோப்பில் சேமித்து வைத்திருந்தால், அடுத்த முறை அதே திறவுகோல்தானா என்று ஒப்பிடுவது மட்டுமே மிஞ்சும். திறவுகோல் மாறியிருந்தால், பழைய திறவுகோலால் கையொப்பமிட்ட அறிவிப்பு ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகு நிறுவுங்கள்.