பச்சைப் பஞ்சுருட்டானை நீண்ட லென்ஸில் படம் எடுக்கப் பழகுவோம்

சிறு பறவைகளைப் படமெடுக்கப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பச்சைப் பஞ்சுருட்டானைப் போல நல்ல ஆசிரியர் கிடையாது. வேலிக் கம்பியிலோ காய்ந்த கருவேலங்குச்சியிலோ உட்கார்ந்திருக்கும். தேனீயோ தட்டானோ கண்ணில் பட்டால் பாய்ந்து பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் கிளம்பிய குச்சிக்கே திரும்பி வரும். ஆகவே பறவையின் பின்னால் ஓட வேண்டியதில்லை, குச்சியைக் கண்டுபிடித்தால் போதும்.

1. இடம்

கேமராவை எடுக்குமுன் கால் மணி நேரம் சும்மா பாருங்கள். எந்தக் குச்சிக்குத் திரும்பத் திரும்ப வருகிறது? வெயில் எந்தப் பக்கம்? குச்சிக்குப் பின்னால் 10, 15 மீட்டராவது வெட்டவெளி இருந்தால் பின்னணி வழவழவென்று கரையும். ஒட்டினாற்போல் புதர் இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸிலும் கரையாது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். குச்சி தாழ்வாக இருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள்.

2. அமைப்பு

மேனுவல் மோடு (ஷட்டரையும் அபர்ச்சரையும் நீங்களே வைப்பது), ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணரும் திறனைக் கேமராவே கூட்டிக் குறைப்பது). அபர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 6.3. சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் 1/1000 நொடி, இரையைக் குச்சியில் அடிக்கும்போது 1/2000, பறக்கும்போது 1/3200. ஐஎஸ்ஓ 3200 வரை ஏறினாலும் பயப்படாதீர்கள். ஐஎஸ்ஓ ஏறியதால் புள்ளி விழுந்த படத்தைப் பிறகு சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஐஎஸ்ஓ ஏறுகிறதே என்று ஷட்டரை 1/250-க்கு இறக்குவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

வெளிர் வானத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தால் பறவை கறுத்துப் போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 கூட்டுங்கள். பின்னணி இருண்ட புதரானால் 2/3 குறையுங்கள்.

3. ஃபோகஸ்

தொடர் ஃபோகஸ் மோடில் வைத்து, சிறிய ஒற்றைப் புள்ளியைக் கண்ணில் நிறுத்துங்கள். பறவைக் கண்ணைத் தானே அடையாளம் காணும் வசதி இருந்தால் பயன்படுத்தலாம். ஆனால் குறுக்கே சுள்ளிகள் இருந்தால் அது சுள்ளியைப் பிடித்துக்கொள்ளும்.

முழுச் சட்ட (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 600 மி.மீ. லென்ஸ், எஃப் 6.3, 6 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் 4 சென்டிமீட்டருக்கும் குறைவு. பஞ்சுருட்டானோ வால் ஊசியை (வாலின் நடுவிலிருந்து நீளும் மெல்லிய இறகுகளை) சேர்க்காமலே 16 முதல் 18 சென்டிமீட்டர் நீளம் வரும். அலகை உங்களை நோக்கி நீட்டியிருந்தால் கண் தெளியும், வால் கலங்கும். பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்கள். அப்போதுதான் சிவந்த கண்ணும், அதன் ஊடே ஓடும் கறுப்புக் கோடும், வால் ஊசியும் ஒரே தெளிவில் கிடைக்கும்.

4. பிடி

இடது கை லென்ஸின் அடியில், முழங்கை விலாவை ஒட்டி. உட்கார்ந்தால் முழங்காலில் ஊன்றலாம். சுவர் இருந்தால் அதன்மேல் பயறு நிரப்பிய துணிப்பை ஒன்றை வைத்து லென்ஸைச் சாய்த்தால் ட்ரைபாடுக்கு ஈடாகும்.

5. தருணம்

தேனீயைப் பிடித்துவந்ததும் விழுங்கிவிடாது. குச்சியில் அடித்து, கொடுக்கு இருக்கும் முனையைத் தேய்த்து நஞ்சை நீக்கும். அந்தச் சில நொடிகள் உங்களுக்கானவை. பட்டனை விடாமல் அழுத்தாதீர்கள், நான்கைந்து பட வரிசையாக எடுங்கள். அப்படி எடுத்தால் கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி, சரியாக விழுங்கும் கணத்தில் கேமரா திணறாது.

எல்லாம் சரி, படம் மட்டும் மங்கல் என்றால்

நேரத்தைப் பாருங்கள். வெயில் ஏறியபின் சூடான தரையின்மேல் காற்று நெளியும். 30 மீட்டருக்கு அப்பால் இறகு இறகாகத் தெரியாமல் பஞ்சு போல விழும். இது லென்ஸின் குறையல்ல, ஷட்டரைக் கூட்டியும் தீராது. வெயில் ஏறுமுன் எடுங்கள், அல்லது அருகில் வரும் பறவையை மட்டும் எடுங்கள்.

கூட்டருகே

மார்ச் முதல் ஜூன் வரை மண் கரைகளில் வளை தோண்டிக் கூடு வைக்கும். அலகில் பூச்சியைக் கவ்வியபடி, தின்னாமலும் போகாமலும் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் வளை பக்கத்தில்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை உள்ளே போகத் தயங்கும், குஞ்சு பசியோடு காத்திருக்கும். படம் எடுக்காமல் உடனே எழுந்து, வளை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடுங்கள்.