கராஜ் சேல்: முன்பணம் வாங்காமல் பொருளை ஒதுக்காதீர்கள்

டல்லாஸ் பக்கம் ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக்கு இப்படி அழைப்புகள் வரத் தொடங்கும். "அண்ணா, பசங்களுக்கு ஸ்கூல் முடிஞ்சதும் ஊருக்கே போயிடுறோம். சாமானெல்லாம் கராஜ் சேல் போடணும், ஒருதரம் வந்து பாத்துச் சொல்றீங்களா?" போய்ப் பார்ப்போம். நானும் என் மனைவியும் முதன்முதலில் கராஜ் சேல் (வீட்டுக்கு முன்னால் பழைய சாமான்களைப் பரப்பி விற்பது) போட்டபோது எங்கெங்கே சறுக்கினோமோ, அதே இடங்களில்தான் அவர்களும் நின்றுகொண்டிருப்பார்கள். நேரில் ஒவ்வொருவரிடமும் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பொருளைத் துடைத்து வையுங்கள், விலை ஒட்டுங்கள், சில்லறை மாற்றி வையுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடைசி வாரத்தில் போடுவது

புதன்கிழமை விமானம், முந்தின சனிக்கிழமை சேல். பலரும் இப்படித்தான் திட்டம் போடுகிறார்கள். கட்டிலும் சாப்பாட்டு மேசையும் கடைசி நாள்வரை வேண்டுமே என்பதுதான் காரணம். ஆனால் சூட்கேஸ்கள் அடுக்கிக் கிடக்கும் வீட்டுக்கு வருகிறவர், இவர்களால் எதையும் திருப்பி உள்ளே வைக்க முடியாது என்பதை ஒரு பார்வையில் தெரிந்துகொள்வார். அதற்குப் பிறகு அவர் சொல்வதுதான் விலை.

கிளம்புவதற்கு ஐந்தாறு வாரம் முன்பே பெரிய சாமான்களுக்கு ஒரு சேல் போடுங்கள். மிச்சத்துக்கு இரண்டாவதாக ஒன்று. டெக்சாஸில் சொந்த வீட்டுப் பொருளை 12 மாதத்துக்குள் ஒன்றிரண்டு முறை இப்படி விற்பதற்கு விற்பனை வரி கிடையாது. ஆனால் நகரத்துக்கு நகரம் விதி மாறும். டல்லாஸ் நகருக்குள் கராஜ் சேலுக்கு அனுமதி வாங்கியாக வேண்டும். உங்கள் நகரத்தின் இணையதளத்தையும் குடியிருப்புச் சங்கத்தின் விதிகளையும் தேதி குறிக்கும் முன் பாருங்கள். ஜூன் நடுப்பகுதிக்குத் தள்ளினால் காலை 10 மணிக்கே வெயிலில் டிரைவ்வேயில் (கராஜுக்கு முன்னால் உள்ள கார்ப் பாதை) நிற்க முடியாது, வாங்க வருகிறவர்களும் காரை விட்டு இறங்க மாட்டார்கள். சாப்பாட்டு மேசை முன்னாலேயே போய்விட்டால் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். நமக்கு அது புதிதில்லை.

எல்லாவற்றையும் டிரைவ்வேயில் அடுக்குவது

எந்தப் பொருள் யாருக்கு என்று முதலில் பிரியுங்கள். 110 வோல்ட் வெட் கிரைண்டர், மிக்ஸி, இட்லிப் பானை, இடியாப்ப உழக்கு இவற்றை டிரைவ்வேயில் வைத்தால் தெருவில் போகிறவர் ஒரு டாலருக்குக் கேட்பார், அதுவும் என்னவென்று தெரியாமல். அதே கிரைண்டருக்கு நம் குடும்பங்களுக்குள் போட்டியே இருக்கும். இந்தியாவில் மின்சாரம் 230 வோல்ட் என்பதால் அதை ஊருக்கு எடுத்துப்போயும் பயனில்லை. அதனால் இவை வாட்ஸ்அப் குழுவுக்கு.

புல்வெட்டி, ஏணி, டிரில், தோட்டக் கருவிகள், சைக்கிள், மேசை விளக்கு ஆகியவை டிரைவ்வேக்கு. அதிலும் புல்வெட்டியையும் கருவிகளையும் தெருவோரமாக, போகிற காரிலிருந்து கண்ணில் படும்படி வையுங்கள். துணிமணி மட்டும் தெரிந்தால் பல கார்கள் நிற்காமலே போய்விடும்.

"எங்களுக்கு வெச்சிருங்க"

மற்ற தவறுகளையெல்லாம் கூட்டினாலும் இந்த ஒன்றில் போகும் பணத்துக்கு ஈடாகாது. இத்தனை பேருக்குச் சொல்லியும் ஒவ்வொரு கோடையிலும் இதையே பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் எரிச்சலாக வருகிறது.

திங்கட்கிழமை இரவு சாமான்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். அரைமணி நேரத்தில் பதில்கள் குவியும். "அண்ணா, சோபா எங்களுக்கு." "அக்கா, டைனிங் டேபிள் யாருக்கும் குடுத்துடாதீங்க, நாங்க எடுத்துக்கறோம்." "டிவி எனக்கு, வீக்கெண்ட் வந்து தூக்கிக்கறேன்." படுக்கப் போகும்போது நல்ல பொருள் அத்தனையும் விற்றுப்போனது போலத் தோன்றும். கையில் ஒரு டாலர்கூட வந்திருக்காது.

எங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு தம்பதி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சோபா, கிங் சைஸ் கட்டில், மேசை, டிவி எல்லாவற்றுக்கும் ஆள் சொல்லியாயிற்று என்று ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதிய தாளை நீல டேப் போட்டு ஒட்டி, கராஜின் பின்சுவரோடு தள்ளி வைத்திருந்தார்கள். டிரைவ்வேயில் மிஞ்சியது பழைய துணி, தட்டு, பிளாஸ்டிக் பொம்மை. காலை 8 மணிக்குள் ஒரு கணவன் மனைவி பிக்கப் டிரக்கில் வந்தார்கள். புதிதாக வாடகை வீடு பிடித்திருக்கிறார்களாம், வீட்டில் ஒன்றுமே இல்லையாம். உள்ளே இருந்த சோபாவைப் பார்த்ததும் அந்த அம்மா நேராகப் போய் உட்கார்ந்து பார்த்தார், கணவர் பாக்கெட்டிலிருந்து அளவு டேப்பை எடுத்து நீளம் அளந்தார். சோபாவையும் மேசையையும் சேர்த்துக் கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறோம், இப்போதே ரொக்கம், இப்போதே ஏற்றிவிடுகிறோம் என்றார்கள். நம் நண்பர் மறுத்துவிட்டார். வாக்குக் கொடுத்தாயிற்றே என்றார்.

சனிக்கிழமை மாலை சோபா கேட்டவரிடமிருந்து செய்தி வந்தது. "அண்ணா, அளந்து பாத்தோம், எங்க ஹாலுக்கு செட் ஆகாது போல, சாரி." மேசைக்காரர் ஞாயிறு இரவுவரை வரவேயில்லை, போனும் எடுக்கவில்லை. டிவிக்குச் சொன்னவர் புதிதாகவே ஒன்று வாங்கிவிட்டார். கடைசியில் குப்பை அள்ளும் வண்டிக்காரருக்குப் பணம் கொடுத்துத்தான் அந்தச் சோபாவை வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். கைக்கு வந்த விலையும் போய், கைக்காசும் போனது.

சொன்னவர்கள் யாரும் ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்ததும் ஆசை வந்தது, கேட்டு வைப்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, கேட்டு வைத்தார்கள். வீட்டில் பேசிய பிறகு மனம் மாறியது. தவறு முழுக்க விற்கிறவர் பக்கம். "நம்மாளுங்ககிட்ட எப்படிங்க அட்வான்ஸ் கேக்குறது? என்ன நினைப்பாங்க?" இந்த ஒரு கூச்சத்துக்காக நூற்றுக்கணக்கான டாலரை விடுகிறார்கள். நட்பு கெட்டுவிடுமே என்று பயந்து கேட்காமல் இருப்பவர்கள்தான், சொன்னபடி வராதவரோடு பிறகு பேச்சே இல்லாமல் போகிறார்கள். அதையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் படம் போடும்போதே, முதல் வரியாக இதை எழுதிவிடுங்கள்: "பணம் அனுப்பிய பிறகே பொருள் ஒதுக்கப்படும். சிறிய பொருளுக்கு முழுத்தொகை, பெரிய பொருளுக்குப் பாதி. வியாழன் இரவுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும்." எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதிவிட்டால் யாரையும் தனியாகக் கேட்டுச் சங்கடப்பட வேண்டியதில்லை. பணம் வராதவரை அந்தப் பொருள் விலைச்சீட்டோடு டிரைவ்வேயின் முன்வரிசையில்தான் நிற்க வேண்டும். பெயர் எழுதிய தாள் ஒட்டவே கூடாது. முன்பணம் கொடுத்தவர் பின்வாங்கினால் திருப்பித் தர மாட்டேன் என்று சொல்ல வாய் வராதா? "வேற யாராவது அதே விலைக்கு எடுத்துக்கிட்டா திருப்பித் தந்துடறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நியாயமான பேச்சு, யாருக்கும் மனம் நோகாது.

வியாழன் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வெள்ளிக்கிழமை ஒரு நாள் கையில் இருந்தால், வராமல் போனவரின் பொருளைச் சனிக்கிழமை சேலுக்கு வெளியே எடுத்து வைக்கலாம். வெள்ளி இரவு என்று தவணை கொடுத்தால் "நாளைக்குக் காலைல வந்துடறேன்" என்பார்கள், சேல் முடிந்துவிடும்.

டிரைவ்வேக்கு வரும் முன்பின் தெரியாதவருக்கும் இதே விதிதான். மதியம் டிரக்கோடு வருகிறேன் என்றால், முழுப்பணத்தையும் வாங்கிக்கொண்டு அந்த அலமாரியின் ஒரு டிராயரைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். டிராயர் அவரிடம் இருக்கும்வரை வேறு யாரும் அதை வாங்க முடியாது என்ற நிம்மதி அவருக்கு, பணம் உங்களுக்கு. காசு தராமல் போகிறவர் திரும்பி வருவார் என்று காத்திருக்காதீர்கள், அடுத்து கேட்பவருக்குக் கொடுங்கள்.

இன்னொன்று: பொருளைத் தூக்கிக்கொண்டு "நைட்டு அனுப்பிடறேன்" என்பவர். பணம் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு கதவைத் திறந்துவிடுங்கள். கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்த பிறகு இருபது டாலருக்காக யாருக்கும் போன் செய்ய மாட்டீர்கள்.

வாங்கின விலையைச் சொல்வது

அது உங்களுக்குத்தான் பெரிது. சொல்லாதீர்கள்.

குழந்தைச் சாமான்களை யோசிக்காமல் வைப்பது

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் திரும்பப் பெறப்பட்ட பொருளை விற்பது 2008-இல் வந்த நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமெரிக்காவில் குற்றம். கடைக்காரருக்கு மட்டுமல்ல, டிரைவ்வேயில் விற்கிறவருக்கும் இது பொருந்தும். ஒரு பக்கத் தடுப்பைக் கீழே இறக்கும் வகைத் தொட்டில்களை 2011 ஜூன் 28-லிருந்து விற்கக் கூடாது. ஃபிஷர் பிரைஸ் ராக் அண்ட் பிளே என்ற சாய்வுப் படுக்கை, குழந்தைகள் இறந்ததையடுத்து 2019 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. விற்றிருந்தவை ஏறக்குறைய 47 லட்சம். அத்தகைய சாய்வுப் படுக்கைகளையும் தொட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்புகளையும் 2022-இல் சட்டமே தடை செய்துவிட்டது. பலர் வீட்டுப் பரணில் அவை இன்னும் இருக்கின்றன. இரண்டாவது குழந்தைக்காக எடுத்து வைத்தது, அப்படியே சேலுக்கு வந்துவிடும்.

குழந்தைகளுக்கான கார் சீட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு. அடியிலோ முதுகுப் பக்கமோ ஒட்டிய லேபிளில் பாருங்கள். தேதி கடந்திருந்தாலோ, பெரிய விபத்தில் சிக்கிய காரில் இருந்திருந்தாலோ இலவசமாகக்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள். வாங்குகிற பெண்ணின் கையில் பெரும்பாலும் பிறந்த குழந்தை இருக்கும், நீங்கள் சொல்வதை நம்பித்தான் வாங்குவாள். டார்கெட் கடைகளில் வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை பழைய கார் சீட்டை எடுத்துக்கொண்டு புதிய குழந்தைப் பொருளுக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறார்கள். அங்கே கொடுக்கலாம்.

அலமாரிகளையும் பாருங்கள். சுவரில் பொருத்தாவிட்டால் குழந்தை மேல் சாய்ந்துவிடும் என்பதால் ஐகியா 2016-இல் மால்ம் உட்பட 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் மாடல் பெயரைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உள்ளே பார்க்காமல் விற்பது

சூட்கேஸின் உள்பக்க ஜிப், கைப்பை, கோட் பாக்கெட், புத்தகத்தின் நடுப்பக்கம், சமையலறை டப்பா. நம் வீடுகளில் பணமும் நகையும் இங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரு வீட்டில் விற்கவிருந்த சூட்கேஸின் அடித்துணிக்குக் கீழே என் மனைவி கைவிட்டுப் பார்த்தபோது, குடும்பத்தின் பழைய பாஸ்போர்ட்டுகள் நான்கும் ரப்பர் பேண்டு போட்டபடி இருந்தன. விசா முத்திரைகளோடு. அதேபோல் லேப்டாப், போன், ரவுட்டர், டிவியில் செருகும் ஸ்டிக் எதுவானாலும் கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுதாக அழித்துவிட்டுக் கொடுங்கள். வரிக் கணக்கு வைத்திருந்த லேப்டாப்பாக இருந்தால், விற்காமல் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

விடியுமுன் வருகிறவருக்கு அவசரமாகக் கொடுப்பது

7 மணி என்று போட்டால் 6.15-க்கே டார்ச் லைட்டோடு வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் மறுவிற்பனை செய்கிறவர்கள். தொழில் தெரிந்தவர்கள், மரியாதையாகவே பேசுவார்கள். ஆனால் அந்த நேரத்தில் விலை குறைக்காதீர்கள். அவர் அத்தனை சீக்கிரம் வந்திருக்கிறார் என்றாலே அந்தப் பொருளுக்கு வெளியே விலை இருக்கிறது. குறைப்பதானால் 11 மணிக்கு மேல்.

100 டாலர் நோட்டு

காலை முதல் வியாபாரம், இரண்டு டாலர் பொருள், நூறு டாலர் நோட்டு என்றால் சில்லறை இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஸெல், வென்மோ வழியாகப் போனில் பணம் அனுப்புகிறேன் என்றால் அவர் போனில் காட்டும் திரையை நம்ப வேண்டாம். உங்கள் வங்கிச் செயலியிலோ வென்மோவிலோ வந்ததா என்று பாருங்கள்.

பாத்ரூம் கேட்டால்

பக்கத்துப் பெட்ரோல் பங்க்குக்கு வழி சொல்லுங்கள்.

மிஞ்சியதைத் திரும்ப உள்ளே கொண்டுபோவது

உள்ளே போனது பிறகு வெளியே வராது. சேல் முடியும் நேரத்தை ஒட்டியே நன்கொடைக்கு வழி செய்து வையுங்கள். சால்வேஷன் ஆர்மி போன்ற அமைப்புகள் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வதுண்டு, ஆனால் முன்கூட்டியே தேதி வாங்க வேண்டும். மேசை நாற்காலி, கதவு, கருவிகளுக்கு ஹாபிடாட் அமைப்பின் ரீஸ்டோர் கடை இருக்கிறது. குட்வில் நன்கொடைக் கடைகளில் பொதுவாக மெத்தை, தொட்டில், கார் சீட் எடுப்பதில்லை. காரில் ஏற்றிக்கொண்டு போய் அலையாதீர்கள். நன்கொடை ரசீதால் வரிக்கழிவு கிடைப்பது, செலவுகளைத் தனித்தனியாகக் காட்டித் தாக்கல் செய்கிறவர்களுக்குத்தான். மற்றவர்கள் அதற்காகப் பட்டியல் எழுதி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

மெத்தைக்கு மட்டும் தனியாக வழி பாருங்கள். நகராட்சி பெரிய குப்பை எடுக்கும் தேதி எது என்று சேல் தேதி குறிக்கும்போதே கேட்டுக்கொண்டால் காசில்லாமல் போய்விடும்.

அறிவிப்புப் பலகைகளை அப்படியே விடுவது

மின்கம்பத்தில் ஒட்டக் கூடாது, பல நகரங்களில் அதற்கு அபராதம் உண்டு. எங்கெங்கே நட்டீர்கள் என்று போனில் குறித்துக்கொண்டு அன்று மாலையே பிடுங்கிவிடுங்கள். உங்கள் முகவரியோடு அது நிற்கிறவரை, அடுத்த வாரமும் யாராவது வந்து அழைப்பு மணி அடிப்பார்கள்.