குழந்தைகள் வார்டில் ஊசி மருந்தைக் கரைக்கும்போது நேரும் தவறுகள்

பொடியாக வரும் ஊசி மருந்தைக் கரைக்கும் நீரை யாரும் மருந்தாக எண்ணுவதில்லை. வடசென்னையின் குழந்தைகள் வார்டுகளில் நான் கண்ட தவறுகளில் பல இந்த எண்ணத்திலிருந்துதான் பிறந்தன.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகக் கிடங்குக்கு இண்டென்ட் (தேவைப் பட்டியல்) எழுதும்போது ஆன்டிபயாடிக் வயல்களை (ரப்பர் மூடியிட்ட சிறு மருந்துக் குப்பிகளை) கவனமாகக் கணக்கிடுகிறோம். அவற்றைக் கரைப்பதற்கான நீர் ஆம்பூல்களை (ஒருமுறை உடைத்துப் பயன்படுத்தும் சிறு குப்பிகளை) மட்டும் போன மாதக் கணக்கைப் பார்த்தே எழுதிவிடுகிறோம். மழைக்காலத்தில் படுக்கைகள் நிரம்பி ஆம்பூல்கள் தீர்ந்துபோனால், 100 மி.லி. சலைன் (உப்பு நீர்) பாட்டிலின் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தியபடியே விட்டுவைத்து, எல்லாக் குழந்தைகளுக்கும் அதிலிருந்தே உறிஞ்சி எடுக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. அந்தப் பாட்டிலில் கிருமித்தடுப்புப் பொருள் எதுவும் கிடையாது என்பதால், காலையில் புகும் கிருமி மாலைக்குள் பல படுக்கைகளுக்குப் போய்ச் சேரலாம்.

வெளியில் வாங்கிவரச் சொல்லும் சீட்டில் ‘டிஸ்டில்டு வாட்டர்’ என்று மட்டும் எழுதுவதும் தவறு. காசிமேட்டிலிருந்து வந்த தந்தை ஒருவர் பேட்டரிக்கு ஊற்றும் நீர் கேனோடு வந்து நின்றார். குற்றம் அவருடையதன்று, சீட்டுடையது. ‘ஊசிக்கான நீர், 10 மி.லி. ஆம்பூல், கிருமித்தடுப்புப் பொருள் சேராதது’ என்று முழுமையாக எழுத வேண்டும். பலமுறை எடுத்துப் பயன்படுத்தும் பெரிய வயல்களில் கிருமித்தடுப்புக்காகச் சேர்க்கப்படும் பென்சைல் ஆல்கஹால், குறைமாதக் குழந்தைகளை மூச்சுத் திணறச் செய்து உயிரைப் பறிக்கக்கூடியது என்று அமெரிக்காவில் 1982-லேயே எச்சரிக்கப்பட்டது.

கையில் கிடைத்த நீர்மத்தில் எந்த மருந்தையும் கலக்கலாம் என்பது அடுத்த தவறு. வலிப்பு மருந்தான ஃபெனிடாயின் குளுக்கோஸில் துகளாகப் படிந்துவிடும், அதற்கு நார்மல் சலைன்தான் வேண்டும். பூஞ்சைத் தொற்றுக்கான பழைய வகை ஆம்போடெரிசின்-பி சலைனில் படிந்துவிடும், அதற்கு 5 சதவீத குளுக்கோஸ் வேண்டும். செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கை, கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப் நீர்மத்தில் கலக்கவே கூடாது. பிறந்து 28 நாளுக்கு உட்பட்ட குழந்தைக்கு, கால்சியம் கலந்த நீர்மம் ஏறும்போது அந்த மருந்தையே தரக் கூடாது. கடும் மலேரியாவுக்கான 60 மி.கி. ஆர்ட்டிசுனேட் பெட்டியில் வரும் சோடியம் பைகார்பனேட் ஆம்பூல் உடைந்துபோனால், வெறும் நீரில் கரைத்து ஒப்பேற்றாமல் வேறு பெட்டியை எடுக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு முழு வயலும் ஏறிவிடுவதால் அங்கே வெளிப்படாத பிழை ஒன்று, மூன்று கிலோ குழந்தையிடம் வெளிப்படுகிறது. பென்சைல் பெனிசிலின் 10 லட்சம் யூனிட் வயலில் பொடியே ஏறத்தாழ 0.4 மி.லி. இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2 மி.லி. நீர் விட்டால் கிடைப்பது 2.4 மி.லி.; மி.லி.க்கு 5 லட்சம் என்று கணக்கிட்டு எடுத்தால் ஒவ்வொரு வேளையும் மருந்தில் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. 1.6 மி.லி. விட்டால் கணக்குச் சரியாகும். இந்த அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், வயலோடு வரும் தாளைத் தூக்கி எறியாமல் படிக்க வேண்டும் (அந்தத் தாளின் எழுத்து எறும்பு அளவில் இருப்பது வேறு விஷயம்).

நள்ளிரவில் பக்கத்து வார்டிலிருந்து கைநிறையக் கடன் வாங்கிவரும் ஆம்பூல்களை, ஒவ்வொன்றின் பெயரையும் விளக்கடியில் படித்த பிறகே ட்ரேயில் வைக்க வேண்டும். நீர் என்று எண்ணி நேராக ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய பொட்டாசியம் குளோரைடும் அதே 10 மி.லி. ஆம்பூலில்தான் வருகிறது.