பெயரும் முகமும் பொருந்தாத குழுப்படம்

எங்கள் பழைய கடற்படையாளர் சங்கத்துக்கு வரலாறு தொகுக்கிறேன், சம்பளமில்லாத வேலை. இலங்கைக் கடற்படையின் 'விஜய' கப்பல் மாலுமிகளின் குழுப்படம் ஒன்று மூன்று நாளைத் தின்றுவிட்டது. பழைய நெகட்டிவைக் கொழும்பில் ஒரு கடையில் ஸ்கேன் செய்து வாங்கியிருந்தோம். உறைக்குள் இருந்த தாளில் இடமிருந்து வலமாகப் பதினான்கு பெயர்கள், ஆனால் ஒருவர் முகமும் பெயரோடு பொருந்தவில்லை.

முதலில் தாள் வேறு படத்துக்குரியது என்று நினைத்தேன். அப்புறம் கப்பலே மாறிவிட்டதோ, 1959இல் வந்த 'கஜபாகு'வோ என்று ஆட்பட்டியல்களைப் புரட்டினேன். விஜய 1949இல் பிரிட்டனிடமிருந்து வந்தது, அதற்கு முன் அதன் பெயர் 'ஃபிளையிங் ஃபிஷ்'. இரண்டு கப்பலிலும் வேலை செய்தவர்கள் இருந்ததால் குழப்பம் கூடியதுதான் மிச்சம். கப்பல் பெயர் இருக்கும் தொப்பிப் பட்டி எழுத்தைப் பெரிதாக்கினால் வெறும் புள்ளிகள்.

கடைசியில் வெள்ளவத்தையில் இருக்கும் ஐயா ஒருவரிடம் காட்டினேன். முகங்களை அவர் பார்க்கவே இல்லை. நடுவில் இருந்த அதிகாரியின் நெஞ்சில் விரலை வைத்து, "தம்பி, பதக்க ரிப்பனை வலப்பக்கம் குத்தியிருக்கிறாரே, இடப்பக்கமல்லவா குத்துவது?" என்றார்.

அவ்வளவுதான். நெகட்டிவைப் புரட்டி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள். கணினியில் படத்தை இடம்வலமாகத் திருப்பினேன், பதினான்கு பெயரும் சரியாக உட்கார்ந்தன. இப்போது எந்த ஸ்கேன் வந்தாலும் முதலில் ரிப்பனைத்தான் பார்க்கிறேன்.