சாலைத் தூசில் கன உலோகங்கள்: மூலத்தைக் கண்டறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரச் சாலையோரத் தூசில் ஈயமும் துத்தநாகமும் செம்பும் மிகுந்திருப்பதாக ஆய்வு முடிவு வந்தவுடன் பழி முழுவதையும் வாகனப் புகையின் மேல் போடுவதுதான் பரவலான முதல் தவறு. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோலின் விற்பனை 2000-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. இன்றைய தூசிலுள்ள செம்புக்கும் துத்தநாகத்துக்கும் புகையைவிட உதிரி பாகங்களின் தேய்மானமே பெரிய காரணம். பிரேக் பேடுகள் பலவற்றில் செம்பும் ஆன்டிமணி சல்பைடும் சேர்க்கப்படுகின்றன. டயர் ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாக ஆக்சைடு தேவைப்படுகிறது. ஆகவே, பேருந்துகள் அடிக்கடி பிரேக் போடும் சிக்னல் அருகே செம்பு கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. கலிபோர்னியா மாநிலம், மழைநீரோடு நீர்நிலைகளில் கலக்கும் செம்பைக் குறைக்க 2010-இல் சட்டம் இயற்றி, 2025 முதல் பிரேக் பேடில் அதன் அளவை 0.5 சதவீதத்துக்குள் அடக்கியது. மின் வாகனங்கள் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான்: மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் தேய்வது குறையும், டயர் தேய்வது நிற்காது.

ஓர் உலோகத்துக்கு ஒரே மூலம் என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. துத்தநாகம் டயரிலிருந்து வருவதைப் போலவே துத்தநாக முலாம் பூசிய கூரைத் தகடுகளிலிருந்தும் சாலைத் தடுப்புகளிலிருந்தும் மழையில் கரைந்து வரும். ஈயத்தின் கதை இன்னும் சிக்கலானது. பழைய பெட்ரோல் விட்டுச்சென்ற ஈயம் சிதையாமல் சாலையோர மண்ணிலேயே தங்கிக் காற்றில் மீண்டும் எழும்புகிறது. வீல் பேலன்சிங் செய்யும்போது ஒட்டும் ஈயக் கட்டிகள் கழன்று விழுந்து சக்கரங்களில் நசுங்குகின்றன. பழைய பேட்டரிகளை உடைக்கும் பட்டறைகளும் உண்டு. ஈயத்தோடு குரோமியமும் சேர்ந்து உயர்ந்திருந்தால், ஈய குரோமேட் கலந்த மஞ்சள் சாலைக்கோட்டுப் பெயின்ட்டைச் சந்தேகிக்க இடமுண்டு.

உள்ளூர்ப் பாறையை மறந்துவிடுவதும் கணக்கைக் கெடுக்கும். இரும்பு, மாங்கனீசு, குரோமியம், நிக்கல் ஆகியவை கருங்கல் ஜல்லியிலும் மண்ணிலும் இயற்கையாகவே இருப்பதால், அலுமினியம் போன்ற மண் சார்ந்த தனிமத்தோடு ஒப்பிட்டு எத்தனை மடங்கு செறிந்துள்ளது என்று பார்ப்பது வழக்கம். அந்த ஒப்பீட்டுக்கு இரும்பை எடுத்துக்கொள்வது, என் பார்வையில், நகரச் சாலைக்குப் பொருந்தாது. ஏனெனில் பிரேக் டிஸ்க்கும் டிரம்மும் தேய்ந்து இரும்பையே கொட்டுகின்றன.

சில தவறுகள் ஆய்வகத்துக்குப் போகுமுன்பே நேர்ந்துவிடுகின்றன. துத்தநாக முலாம் பூசிய முறத்தில் அள்ளி, பித்தளைச் சல்லடையில் சலித்த தூசில் செம்பும் துத்தநாகமும் கூடுதலாகத் தெரிந்தால் அதற்குச் சாலையைக் குறை சொல்ல முடியாது. பிளாஸ்டிக் தூரிகையும் நைலான் சல்லடையுமே பாதுகாப்பானவை. உலோகங்கள் பெரும்பாலும் நுண்துகள்களில்தான் செறிந்திருக்கும். ஆகையால், 63 மைக்ரானுக்குக் கீழே சலித்த தூசின் அளவை, பருமணலும் கலந்த தூசின் அளவோடு ஒப்பிட்டு இரண்டு நகரங்களுக்குத் தரவரிசை போடுவது பொருளற்றது.

இறுதியாகப் புள்ளியியல். சேர்ந்து ஏறி இறங்கும் உலோகங்களைக் கணினி ஒரு குழுவாகக் காட்டுமே தவிர, அதற்குப் ‘போக்குவரத்து’ என்று பெயர் வைப்பது ஆய்வாளர்தான். சாலையைத் துடைப்பத்தால் பெருக்கும்போது ஒரே ஓரத்தில் குவிந்த உலோகங்களும் அவ்வாறே சேர்ந்து ஏறும். அந்தப் பெயர் சரியா என்று அறிய வேண்டுமானால், அதே பகுதியில் புழங்கும் பிரேக் பேடு, டயர், பெயின்ட், ஜல்லி ஆகியவற்றின் பொடியையும் தூசோடு சேர்த்துச் சோதித்துப் பார்க்க வேண்டும்.