பழைய ஹார்ட் டிஸ்க்கை மிச்சமில்லாமல் அழித்த விதம்

கைமாற்றவிருந்த ஹார்ட் டிஸ்க்கில் வங்கி ஆவணங்கள் இருந்தன. குயிக் ஃபார்மட் கோப்புப் பட்டியலைத்தான் புதிதாக்கும். தரவு தட்டிலேயே கிடக்கும். அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை ஓட்டினால் எல்லாம் மீண்டு வந்தது.

சரி என்று லினக்ஸில் தரவின் மேல் வேறு தரவை எழுதி அழிக்கும் ஷ்ரெட் கட்டளை கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரு சுற்று மேலெழுதினேன். 1996-இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் சொன்ன 35 சுற்று அந்தக் காலத்து டிரைவ்களுக்கானது; இன்று ஒன்றே போதும்.

ஆனால் பழுதாகி ஒதுக்கப்பட்ட செக்டார்களை (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகளை) மேலெழுத்து தொடாது. அதற்கு டிரைவுக்குள்ளேயே இருக்கும் அழிப்புக் கட்டளையான ஏடிஏ செக்யூர் எரேஸின் 'என்ஹான்ஸ்டு' முறை வேண்டும். இங்கேதான் சிக்கல்: அந்தக் கட்டளையை அனுப்பும் லினக்ஸ் கருவியான ஹெச்டிபார்ம், டிரைவை 'ஃப்ரோசன்' (பாதுகாப்புக் கட்டளைகளை ஏற்காத நிலை) என்று காட்டி மறுத்தது. கணினியை ஸ்லீப்பில் போட்டு எழுப்பியதும் அந்தத் தடை நீங்கியது. அப்புறம் தற்காலிகக் கடவுச்சொல் வைத்து அழித்தேன். யூஎஸ்பி உறை வழியாக இந்தக் கட்டளை பல நேரம் போய்ச் சேராது, கணினியின் மதர்போர்டில் நேராக சாட்டா கேபிளில் மாட்டுங்கள். எந்த டிரைவ் என்பதை வரிசை எண்ணோடு ஒப்பிட்டுவிட்டே என்டர் தட்டுங்கள்.