வலக்கையில் படியும் பிழைகள்: கிட்டாரும் லூட்டும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள குளுவாங்கைச் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து என்னிடம் கிட்டார் பழக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் பார்ப்பது வலக்கை மணிக்கட்டைத்தான். பெரும்பாலோர் அதை உட்புறமாக நன்றாக மடித்து வைத்துக்கொள்கிறார்கள். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் மணிக்கட்டிலுள்ள குறுகிய வழியில்தான் செல்கின்றன. மணிக்கட்டு மடிந்திருக்கும்போது அவை நெருக்குண்டு விரல்களின் வேகம் குறைவதோடு, நாளடைவில் வலியும் மரத்துப்போதலும் தோன்றக்கூடும். முழங்கைக்குச் சற்று முன்னுள்ள பகுதியைக் கிட்டாரின் மேல்விளிம்பில் சாய்த்துத் தோளைத் தளர்த்திவிட வேண்டும். கையை வீசி நடக்கும்போது விரல்கள் இயல்பாக எவ்வளவு வளைந்திருக்குமோ, அவ்வளவு வளைவே போதும்.

இதைவிட ஆழமாகப் படிந்துவிடும் பிழை, தந்தியை விரல்நுனியால் கொக்கிபோல் மாட்டி வெளியே இழுப்பது. அப்படி இழுத்த தந்தி திரும்பி வந்து கழுத்திலுள்ள உலோகக் கட்டைகளில் (ஃபிரெட்) மோதுவதால் ஒலி கரகரக்கும். விரல் அடிமூட்டிலிருந்து அசைய வேண்டும். தந்தியைச் சற்றே உள்நோக்கி அழுத்தி, உள்ளங்கைப் பக்கமாகக் கடந்து செல்ல வேண்டும். பால்மரம் சீவிய என் தாயாரின் கையில் இந்த அளவைப் பார்த்திருக்கிறேன்: கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலோட்டமாகப் போனால் பால் வடியாது. தோட்டத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் உடனே விளங்கிக்கொள்கிறார்கள்.

ஒரு கருவியின் பழக்கத்தை மற்றொன்றுக்கு அப்படியே கொண்டுபோவதும் தவறு. பேரிக்காய் வடிவ உடல்கொண்ட பழைய ஐரோப்பியத் தந்திக்கருவியான லூட்டில் சுண்டுவிரலை ஒலிப்பலகையில் ஊன்றுவது மரபாக வந்த முறை. கிளாசிக்கல் கிட்டாரிலோ அது மோதிரவிரலின் ஓட்டத்தைக் கட்டிப்போடும். மறுமலர்ச்சிக்கால லூட்டில் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு உட்புறமாக, உள்ளங்கையை நோக்கிச் செல்லும். கிட்டாரில் அது சுட்டுவிரலுக்கு முன்னே, கழுத்துப் பக்கமாக நிற்காவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். நம் ஜொகூரின் மலாய் கஸல் பாடல்களிலும் ஸாப்பின் நடன இசையிலும் ஒலிக்கும் கம்புஸும் லூட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், அதைப் பிக் எனும் சிறு மீட்டுத்தகடு கொண்டு மீட்டுகிறார்கள். ஆகவே கம்புஸ் பயின்றவர்கள் கிட்டாருக்கு வரும்போது, முன்கையையும் மணிக்கட்டையும் அசைத்த பழக்கத்தை விட்டு, அசைவை விரல்களுக்குக் கொண்டுவரப் பொறுமையோடு பழக வேண்டும்.

மெட்டு வாசிக்கையில் ஒரே விரலால் தொடர்ந்து மீட்டாமல், சுட்டுவிரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

தோட்ட வேலையில் நகம் உடைந்துபோகிறதே என்று கவலைப்பட்டுக் கிட்டாரையே கைவிட்டவர்களை அறிவேன். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது; நகம் இல்லாமலும் வாசிக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் நண்பர்களாக இருந்த இரு ஸ்பானியக் கலைஞர்களில் அகுவாடோ நகத்தாலும் சோர் விரல்சதையாலும் வாசித்தார்கள். லூட்டின் இரட்டைத் தந்திகளை ஒருசேர மீட்டவும் சதையே ஏற்றது. நகம் வளர்ப்பவர்கள் அதன் விளிம்பை அரத்தால் தேய்த்தபின், மிக மெல்லிய உப்புத்தாளால் வழவழப்பாக்க வேண்டும். பிசிறு இருந்தால் ஒவ்வொரு மீட்டிலும் அது கேட்கும்.